களைத்த பன்றி

கெடாவின் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், நாய்களை ஏவிக் காட்டுப்பன்றியைத் துரத்திய வழக்கத்தை நினைக்கும்போதெல்லாம், 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய வேடர் திண்ணனாரின் முதல் வேட்டையாகிய கன்னிவேட்டையே என் சிந்தையில் எழுகிறது. வலையறுத்தோடிய பன்றியை தோழர்களான நாணனும் காடனும் உடன்வரத் தொடர்ந்த அவ்வீரர், அது ஓடியோடிக் களைத்து மரச்சூழலில் நின்றபோது உடைவாளால் வீழ்த்தினார். அதே வேட்டையில், யானைக்கன்றைத் தொடராமலும், குட்டிகளைக் கொல்லாமலும், கருவுற்ற பிணையை அலைக்காமலும் விட்ட வேடர்தம் தர்மத்தையும் அக்கவி போற்றியிருக்க, களைத்த உயிருக்கு மட்டும் அக்கருணை எட்டவில்லையே என்று என் மனம் வருந்துகிறது. பயிர்காக்கப் பன்றியைக் கொல்வது நியாயமெனினும், மூச்சிரைத்து விழும்வரை ஓட்டுவது அந்த நியாயத்துள் அடங்காது என்பதே என் துணிபு. இதற்கிசையவே, மலேசியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டைக்கு உரிமம் கோருவதோடு, வனவிலங்கை வதைப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.