கிராம் சாயமேற்றல்

பாக்டீரியாக்களைச் செல்சுவரின் அமைப்பைக் கொண்டு கிராம் நேர், கிராம் எதிர் என இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்தறியும் ஆய்வக முறை இது. டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் (1853–1938) பெர்லினில் பணியாற்றியபோது இதை உருவாக்கி 1884இல் வெளியிட்டார். நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தெளிவாகக் காண்பதே அவர் நோக்கம். வகைப்பாட்டுக்கு அது அடிப்படையானது பின்னர்தான்.

கண்ணாடித் தகட்டில் மாதிரியைப் பூசி, இலேசான சூட்டில் ஒட்டச் செய்து, கிரிஸ்டல் வயலெட் என்னும் ஊதாச் சாயத்தை ஊற்றுவார்கள். அடுத்து அயோடின் கரைசல். சாயமும் அயோடினும் செல்லுக்குள் இணைந்து பெரிய மூலக்கூறுத் திரளாகின்றன. பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும். முடிவைத் தீர்மானிக்கும் கட்டம் இதுவே: கழுவல் நீண்டுவிட்டால் கிராம் நேர் செல்லும் நிறமிழந்து தவறான முடிவு தரும். கடைசியாகச் சஃப்ரானின் என்னும் சிவப்புச் சாயம்.

கிராம் நேர் செல்லில் பெப்டிடோகிளைக்கான் அடுக்கு தடித்தது. ஆல்கஹால் பட்டதும் அது நீரிழந்து சுருங்கி ஊதாச் சாயத்தை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. கிராம் எதிர் செல்லில் அந்த அடுக்கு மெலிது. அதற்கு வெளியே லிப்போபாலிசாக்கரைடு கொண்ட புறச்சவ்வு உண்டு. ஆல்கஹால் அச்சவ்வைச் சிதைத்துவிடுவதால் ஊதா வெளியேற, செல் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. வேன்கோமைசின் போன்ற பெரிய மருந்து மூலக்கூறுகளைத் தடுப்பதும் இதே புறச்சவ்வுதான். எனவே நிறம் வெறும் அடையாளம் மட்டுமன்று, சிகிச்சைக்கான குறிப்பும்கூட.

நிறத்தோடு வடிவமும் செல்கள் கூடி நிற்கும் விதமும் சேர்த்தே படிக்கப்படும். கோள வடிவம் காக்கஸ், கோல் வடிவம் பேசில்லஸ், காற்புள்ளிபோல் வளைந்தது விப்ரியோ, சுருள் வடிவம் ஸ்பைரில்லம். இணையாக நிற்பவை டிப்ளோகாக்கஸ், சங்கிலியாக நிற்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், திராட்சைக் கொத்தாகத் திரள்பவை ஸ்டெஃபிலோகாக்கஸ். மூளைத் தண்டுவட நீரில் இளஞ்சிவப்பு இணைக்கோளங்கள் தெரிந்தால் மெனிஞ்சோகாக்கஸ் என்றும், ஊதா இணைகள் தெரிந்தால் நியூமோகாக்கஸ் என்றும் மருத்துவர் ஐயுறுவார். கிருமியை வளர்த்து உறுதிசெய்ய ஒரு நாளுக்கு மேலாகலாம். இச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். உயிர் ஊசலாடும் வேளையில் அந்த இடைவெளியின் அருமை பெரிது.

எல்லாக் கிருமிகளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலம் மிகுதி; அதற்கு ஜீல்–நீல்சன் சாயமுறை தேவை. வளர்ப்பு பழையதானால் கிராம் நேர் பாக்டீரியாவும் இளஞ்சிவப்பாகத் தோன்றலாம்.

நிறம் ஒன்றாயிருப்பதால் மட்டும் இரண்டு பாக்டீரியாக்கள் நெருங்கிய உறவாகிவிடா. உயிரினங்களின் பரிணாம உறவை ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையைக் கொண்டு அறியும் வழியைக் கார்ல் வூஸ் 1977இல் காட்டினார்; இன்றைய வகைப்பாடு மரபணு வரிசைகளையே பெரிதும் சார்ந்துள்ளது. ஆயினும் நோயாளியின் மாதிரி வந்ததும் பாக்டீரியாவைத் தேடி மருத்துவமனை ஆய்வகங்கள் முதலில் செய்யும் சோதனைகளில் கிராம் சாயமேற்றல் இன்றும் ஒன்று.