வான்குடைக் குதிப்பும் சிறு வானூர்திகளின் பாதுகாப்பும்: அமெரிக்க அனுபவத்தின் வரலாறு

பாராசூட் என்று பரவலாக வழங்கும் வான்குடையை அணிந்து, பறக்கும் வானூர்தியிலிருந்து குதிக்கும் விளையாட்டு வான்குடைக் குதிப்பு எனப்படும். ஸ்கைடைவிங் என்றும் இதனைக் கூறுவர். இவ்விளையாட்டில் குதிப்பவருக்கு ஏற்படக்கூடிய ஆபத்து எல்லோரும் அறிந்ததே. அதே வானில் பறக்கும் சிறு வானூர்திகளுக்கு ஏற்படக்கூடிய ஆபத்தோ அதிகம் பேசப்படுவதில்லை. பயிற்சி பெறும் மாணவர், குடும்பத்துடன் ஊருக்குச் செல்பவர், பொழுதுபோக்காகப் பறப்பவர் ஆகியோரும் குதிப்பாளர்களும் பல சிறு வானூர்தி நிலையங்களில் ஒரே ஓடுபாதையையும் ஒரே வானையும் பகிர்ந்து கொள்கின்றனர். இவ்விரு தரப்பினரும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான விதிகள் எவ்வாறு உருவாயின, அவற்றின் பின்னணியில் எத்தகைய விபத்துகள் இருந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விளையாட்டு பெரிதும் வளர்ந்த அமெரிக்க ஐக்கிய நாடே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தொடக்க காலம்

1797 அக்டோபர் 22 அன்று பிரான்சு நாட்டின் ஆந்திரே-ழாக் கார்னரேன் பாரிசு நகரின் மோன்சோ பூங்காவுக்கு மேலே பலூனிலிருந்து வான்குடை மூலம் இறங்கினார். அன்று அந்த வானத்தில் அவரது பலூனைத் தவிர வேறு ஊர்தி எதுவும் இருந்திருக்க முடியாது. எனவே மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொறியால் இயங்கும் வானூர்தி வந்த பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 1912 மார்ச் 1 அன்று மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயி நகருக்கு அருகே, டோனி ஜேனசு ஓட்டிய வானூர்தியிலிருந்து ஆல்பர்ட் பெர்ரி குதித்தார். வானூர்தியிலிருந்து நிகழ்ந்த முதல் குதிப்பாக இது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1919 ஏப்ரல் 28 அன்று ஒகையோ மாநிலத்தின் மெக்குக் தளத்தில் லெசுலி இர்வின் குதித்தார். சிறிது தூரம் தடையின்றி விழுந்த பிறகு, தம் கையாலேயே கயிற்றை இழுத்து வான்குடையை விரித்தார். மனிதர் வானில் சுயநினைவுடன் விழ முடியும், தாம் விரும்பும் நேரத்தில் வான்குடையைத் திறக்க முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. பிற்கால விளையாட்டின் அடிப்படை இதுவே.

விளையாட்டாக மாறுதல்

இரண்டாம் உலகப் போரில் பயிற்சி பெற்ற வான்குடைப் படையினரும், போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த படைத்துறை வான்குடைகளும் இவ்விளையாட்டின் வளர்ச்சிக்கு உதவின. 1959 ஆம் ஆண்டில் ழாக் இசுதெல் என்பவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆரஞ்சு என்னும் சிற்றூரின் வானூர்தி நிலையத்தில் பொதுமக்களுக்கான வான்குடைப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் வணிக முறையில் நடத்தப்பட்ட முதல் குதிப்புத் தளம் இது.

தளம் அமைக்கப்பட்ட இடம் கவனிக்கத் தக்கது. குதிப்பாளர்களை ஏற்றிச் செல்லும் வானூர்திக்கு ஓடுபாதை தேவை. குதித்தவர்கள் இறங்கத் திறந்த வெளி தேவை. இரண்டும் ஒருசேரக் கிடைக்குமிடம் ஊர்ப்புறத்துச் சிறு வானூர்தி நிலையமே. ஆகவே அடுத்து வந்த தளங்களும் பெரும்பாலும் இத்தகைய நிலையங்களிலேயே அமைந்தன. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் சுமார் 5000 வானூர்தி நிலையங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 500 நிலையங்களில் மட்டுமே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. மற்றவற்றில் வானோடிகள் பொது அலைவரிசையில் தாம் இருக்கும் இடத்தை அறிவித்தும், கண்ணால் பார்த்து விலகியும் பறக்கின்றனர்.

1967: ஈரி ஏரிப் பேரிடர்

1967 ஆகஸ்டு 27 அன்று, இரண்டாம் உலகப் போர்க்கால பி-25 குண்டுவீச்சு வானூர்தி ஒன்று குதிப்பாளர்களை ஏற்றிக்கொண்டு ஒகையோ மாநிலத்தின் மேலே 20,000 அடி உயரத்துக்கு ஏறியது. அவர்கள் ஆர்ட்னர் என்னும் சிறு வானூர்தி நிலையத்தில் இறங்க வேண்டும். கீழே மேகங்கள் மூடியிருந்ததால் தரை தெரியவில்லை. எனவே தரையிலிருந்த வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் ராடார் வழிகாட்டலையே வானோடி நம்பினார்.

அதே பகுதியில் செஸ்னா 180 வகைச் சிறு வானூர்தி ஒன்றும் பறந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் ராடார் திரையில் தெரிந்த செஸ்னாவைப் பி-25 எனத் தவறாகக் கருதினார். பி-25 இறங்குமிடத்தை அடைந்துவிட்டது என்ற தகவல் சென்றது. உண்மையில் அது ஈரி ஏரியின் மேலே இருந்தது. 18 பேர் குதித்தனர். மேகத்தைக் கடந்து கீழே வந்தபோது அவர்களுக்குத் தெரிந்தது நிலம் அன்று, நீர். கரையிலுள்ள ஹியூரான் ஊரிலிருந்து 4 அல்லது 5 கடல் மைல் தொலைவில் அவர்கள் ஏரியில் விழுந்தனர். 16 பேர் மூழ்கி இறந்தனர். இருவர் மட்டுமே மீட்கப்பட்டனர்.

அவ்வாண்டு ஏப்ரலில்தான் செயல்படத் தொடங்கியிருந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனை ஆராய்ந்தது. தரை தெரியாத நிலையில் குதிக்க அனுமதித்த வானோடி மீதும், அவ்வாறு குதித்ததற்காக ஓரளவு குதிப்பாளர்கள் மீதும், வானூர்தியைத் தவறாக அடையாளம் கண்ட கட்டுப்பாட்டாளர் மீதும் வாரியம் குறை கண்டது. பின்னர் நடந்த வழக்கில் கட்டுப்பாட்டாளரின் பிழைக்கு அமெரிக்க அரசு பொறுப்பு எனத் தீர்ப்பாயிற்று.

இப்பேரிடரில் எந்த வானூர்தியும் மோதவில்லை, எந்த வான்குடையும் பழுதாகவில்லை. அருகருகே பறந்த இரு ஊர்திகளில் எது எது என்று தெரியாமற் போனதே 16 உயிர்களுக்கு எமனாயிற்று. ராடார் திரையில் தெரியும் புள்ளி, கண்ணால் காணும் தரைக்கு மாற்றாகாது என்பதே இதிலிருந்து பெற்ற பாடம்.

1993: நார்தாம்ப்டன் மோதல்

1993 நவம்பர் 21 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டனில் நேர்ந்தது வேறு வகையானது. வான்குடையை இன்னும் திறக்காமல் விழுந்துகொண்டிருந்த குதிப்பாளர் ஒருவர், அவ்வழியே பறந்த பைப்பர் செரோக்கி வகைச் சிறு வானூர்தியின் வால் பகுதியில் மோதினார். கணுக்கால் முறிந்த நிலையிலும் அவர் வான்குடையின் உதவியால் உயிருடன் தரையிறங்கினார். வால் சிதைந்த வானூர்தியோ கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

குதித்தவரிடம் வான்குடை இருந்தது. வானூர்தியில் சென்றவர்களிடம் அது இல்லை. அவர்கள் அவ்விளையாட்டில் பங்கேற்றவர்களும் அல்லர். குதிப்பின் ஆபத்து குதிப்பவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

பார்த்து விலகினால் போதாதா என்ற கேள்வி எழலாம். எளிய கணக்கு ஒன்று இதற்கு விடை தரும். வயிறு தரையை நோக்கியபடி விழும் குதிப்பாளரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறு வானூர்தி நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. மோதலுக்குப் பத்து நொடிகளுக்கு முன் குதிப்பாளர் வானூர்திக்கு அரை கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பார். வானூர்தியும் மோதும் இடத்துக்கு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

வானோடியின் கண் பழகியிருப்பது முன்னும் பக்கவாட்டிலும் பார்ப்பதற்கே. செங்குத்தாக மேலிருந்து வரும் ஒரு மனித உருவத்தை, அதுவும் தலைக்கு மேல் இறக்கை மறைக்கும் வானூர்தியில், காண்பது ஏறக்குறைய இயலாத செயல். குதிப்பாளரும் தம் உடனிருப்போரையும் உயரமானியையும் கவனிப்பதில் மூழ்கியிருப்பார். ராடாரும் தனி மனிதரை நம்பத் தகுந்த வகையில் காட்டுவதில்லை. எனவே பார்த்து விலகுவது என்பது கடைசிக் காப்பே தவிர, முதற்காப்பு அன்று. முன்னறிவிப்பே முதற்காப்பு.

வான்குடையின் மாற்றமும் 2014 ஆம் ஆண்டு நிகழ்வும்

பழைய வட்ட வடிவ வான்குடை காற்று இழுத்த பக்கம் சென்றது. 1960களில் டொமினா ஜல்பெர்ட் உருவாக்கிய, காற்றறைகள் கொண்ட செவ்வக வடிவம் பின்னர் பரவலாயிற்று. இது இறக்கையைப் போலவே செயல்படுவதால் குதிப்பவர் விரும்பிய திசையில் திருப்பிச் சென்று இறங்க முடிகிறது. இதனால் மரங்களிலும் கம்பிகளிலும் சிக்குவது குறைந்தது. அதே வேளையில், ஓடுபாதைக்கு மிக அருகிலேயே இறங்கும் வழக்கமும் ஏற்பட்டது.

2014 மார்ச் 8 அன்று புளோரிடா மாநிலத்தின் முல்பெரி ஊருக்கு அருகிலுள்ள தெற்கு லேக்லாந்து வானூர்தி நிலையத்தில், 87 வயது வானோடி ஒருவர் செஸ்னா 170 வானூர்தியில் இறங்கி ஏறும் பயிற்சியில் இருந்தார். இறங்கிக்கொண்டிருந்த 49 வயதுக் குதிப்பாளரின் வான்குடைக் கயிறுகள் வானூர்தியின் இறக்கையில் சிக்கின. வானூர்தி மூக்குக் குத்தித் தரையில் விழுந்தது. இருவரும் சிறு காயங்களுடன் தப்பினர். தற்செயலாக எடுக்கப்பட்ட அந்நிகழ்வின் படங்கள் உலகெங்கும் வெளியாயின. நார்தாம்ப்டனில் நேர்ந்தது வான்குடை விரியும் முன். இங்கு நேர்ந்தது விரிந்த பின், தரைக்கு மிக அருகில். ஆபத்து குதிப்பின் தொடக்கம் முதல் இறுதி வரை தொடர்கிறது என்பது இதனால் விளங்கும்.

குதிப்பாளர்களைச் சுமக்கும் வானூர்திகள்

குதிப்பாளர்களை ஏற்றிச் செல்லும் வானூர்திகளும் விபத்துக்குள்ளாகின்றன. 1992 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவின் பெரிசு நகரில் குதிப்பாளர்களுடன் புறப்பட்ட இரட்டைப் பொறி வானூர்தி விழுந்ததில் 22 பேரில் 16 பேர் இறந்தனர். எரிபொருளில் நீர் கலந்திருந்ததால் ஒரு பொறி வலுவிழந்தது விசாரணையில் தெரியவந்தது. 2008 இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட சிறப்பறிக்கை, 1980 முதல் இத்தகைய வானூர்திகளுக்கு நேர்ந்த 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாகக் கூறியது. பராமரிப்புக் குறைபாடு, வானோடிகளின் அடிப்படைத் திறன் குறைபாடு, போதிய அரசுக் கண்காணிப்பு இன்மை ஆகியவற்றை அது சுட்டிக்காட்டியது.

2013 நவம்பர் 2 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகருக்கு மேலே, அருகருகே அணிவகுத்துப் பறந்த இரு செஸ்னா வானூர்திகள் மோதிக்கொண்டன. ஒன்று இறக்கையை இழந்தது. ஒன்பது குதிப்பாளர்களும் வான்குடையால் தப்பினர். இறக்கை இழந்த வானூர்தியின் வானோடியும் தாம் அணிந்திருந்த அவசர வான்குடையால் பிழைத்தார். மற்றவர் சேதமடைந்த வானூர்தியைப் பத்திரமாகத் தரையிறக்கினார்.

விதிகள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வான் போக்குவரத்து விதித்தொகுப்பில் வான்குடைக் குதிப்புக்கெனத் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. 105 ஆம் பகுதி எனப்படும் இது 2001 இல் திருத்தி எழுதப்பட்டது. இதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

* வானில் செல்லும் பிற ஊர்திகளுக்கோ தரையிலுள்ளோருக்கோ ஆபத்து விளைவிக்கும் வகையில் குதிக்கவோ குதிக்க அனுமதிக்கவோ கூடாது. இப்பொறுப்பு குதிப்பவருக்கும் வானோடிக்கும் உரியது.
* மேகத்தினுள்ளோ மேகத்தின் ஊடாகவோ குதிக்கக் கூடாது. 10,000 அடிக்குக் கீழே 3 மைல் தூரமும், அதற்கு மேலே 5 மைல் தூரமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.
* குதிப்புக்குக் குறைந்தது 5 நிமிடங்களுக்கு முன் வானோடி வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் வானொலித் தொடர்பு கொள்ள வேண்டும்.
* கோபுரமில்லாத நிலையத்தின் மேலோ நிலையத்திலோ குதிக்க, நிலைய நிர்வாகத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.
* இரவில் குதிப்பவர் 3 மைல் தொலைவுக்குத் தெரியும் விளக்கை அணிய வேண்டும்.

இவை குதிப்புத் தரப்பின் கடமைகள். பிற வானோடிகளுக்கும் கடமைகள் உண்டு. குதிப்புத் தளங்கள் வான்வழி வரைபடங்களில் சிறிய வான்குடைக் குறியால் காட்டப்படுகின்றன. புறப்படும் முன் அக்குறிகளையும் வானோடிகளுக்கான அறிவிப்புகளையும் பார்த்துக்கொள்வது முதல் கடமை. அருகில் செல்லும்போது பொது அலைவரிசையைக் கேட்பது இரண்டாவது. குதிப்பாளர்கள் காற்று வரும் திசைப் பக்கமாகக் குதித்து, காற்றோடு மிதந்து வந்து தளத்தில் இறங்குவர். எனவே தளத்துக்கு நேர் மேலேயும், காற்று வரும் பக்கத்திலும் பறப்பதைத் தவிர்ப்பது மூன்றாவது. குதிப்பாளர்களை இறக்கிவிட்ட வானூர்தி மிக விரைவாகக் கீழே இறங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிலையங்களும் உரிமையும்

இவ்வளவு ஆபத்து இருக்குமாயின் வானூர்தி நிலையங்களில் குதிப்பையே தடை செய்யலாமே என்ற வாதம் பல ஊர்களில் எழுந்ததுண்டு. கூட்டரசு வான் போக்குவரத்து நிர்வாகம் வான்குடைக் குதிப்பையும் வானூர்தி சார்ந்த செயல்பாடாகவே கருதுகிறது. கூட்டரசு நிதியுதவி பெற்ற நிலையம், நியாயமற்ற பாகுபாட்டுடன் அதனை மறுக்க இயலாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க விரும்பினால், அக்காரணம் சரியானதா என்று முடிவு செய்வது அந்நிர்வாகமே. பொதுப் பணத்தில் அமைந்த வானூர்தி நிலையம் எல்லா வகையான பறத்தலுக்கும் உரியது என்பது இதன் அடிப்படை. ஆகவே யாரையும் வெளியேற்றாமல், நேரத்தாலும் இடத்தாலும் அறிவிப்பாலும் பிரித்து வைப்பதே நடைமுறையாயிற்று. இறங்கும் வெளியை ஓடுபாதையிலிருந்து ஒதுக்கி அமைப்பதும், வானூர்திகள் தரையிறங்கச் சுற்றி வரும் பாதையைக் குதிப்பாளர்கள் இறங்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில் வகுப்பதும் இத்தகைய ஏற்பாடுகள்.

நிறைவாக

வான்குடை கண்டுபிடிக்கப்பட்டது உயிர் காப்பதற்காக. அது விளையாட்டாக மாறியபோது புதிய ஆபத்துகளையும் கொண்டு வந்தது. ஈரி ஏரியில் மூழ்கிய பதினாறு பேரும், நார்தாம்ப்டனில் இறந்த நால்வரும் ஒரே உண்மையை வெவ்வேறு விதமாக உணர்த்துகின்றனர். வானம் பரந்தது, ஆனால் ஓடுபாதையைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டர் வானம் குறுகியது. அங்கே யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதே இன்றளவும் எளிய, செலவில்லாத, சிறந்த பாதுகாப்பாக விளங்குகிறது.