மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

ரெய்னர்ஸ் லேனில் பழைய பிக்கப் வாங்கிய தம்பிமார், "எஞ்சினுக்கு எதைப் பூட்டினால் பலம் கூடும், அண்ணை?" என்று என்னைக் கேட்பதுண்டு. விடை எங்கள் யாழ்ப்பாண வரலாற்றிலேயே இருக்கிறது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அருமையானது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் 'சூப்பி'யால் கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணினார்கள். சூடானபின் மண்ணெண்ணெய் போதும்.

இங்கே கொவென்ற்றியில் 1946 முதல் 1956 வரை செய்த ஃபேர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகையும் இப்படித்தான்: பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாறும்.

அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால் தாக்குப்பிடித்தன. அமுக்கம் கூடிய எஞ்சின் என்றால் 'நொக்' அடித்து பிஸ்டனைக் கெடுக்கும். ஆனாலும் கரும்புகை வந்தது, பிளக்கில் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிய வண்டி நடுவழியில் நிற்காமலிருக்க, பிளக்கைத் துடைத்து ஒயிலை மாற்றும் பழக்கமே துணை.

ஆகவே தம்பிமாரே, டர்போவுக்குக் காசைக் கொட்டமுன் சிலிண்டர் அமுக்கத்தை அளந்து பாருங்கள். பிளக், ரேடியேற்றர், பிறேக் மூன்றையும் முதலில் திருத்துங்கள். தேய்ந்த எஞ்சினில் பலத்தைக் கூட்டினால் உடைவுதான் விரைவாக வரும். எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ்காரருக்கு அறிவியுங்கள்.