புத்தளத்து உப்பும் நமது இரத்த அழுத்தமும்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு, இந்தியாவிலிருந்து உப்பைக் கப்பலில் வரவழைத்தது. பருவம் தவறிய மழையால் புத்தளத்தில் விளைச்சல் கெட்டமை இதற்கொரு முக்கிய காரணம். பைக்கற் உப்புக்காகக் கடை கடையாக அலைந்தவர்களைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்வி வேறு. நமக்கு உண்மையில் எவ்வளவு உப்புத் தேவை?

இக்கேள்வியைப் புத்தளத்திலிருந்து கேட்பதே பொருத்தம். கற்பிட்டித் தீபகற்பம் கடலை மறித்து நிற்க, உள்ளே அகன்று கிடக்கும் களப்பில் வரண்ட மாதங்களில் நீர், கடல்நீரைவிட உவர்ப்பேறிவிடும். அந்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டால் உப்பு விளையும். 1344இல் இக்கரையில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முத்தைப் பற்றியும் கரையில் குவிந்து கிடந்த கறுவாவைப் பற்றியும் எழுதினார். பயணிகளின் கண்ணுக்கு எப்போதும் முத்துத்தான் தெரியும். ஆனால், மலைநாட்டிலிருந்த கண்டி இராச்சியத்தின் கண் உப்பின் மீதே இருந்தது. முத்தில்லாமல் அரசாளலாம், உப்பில்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது.

ஒல்லாந்தர் இதனை நன்கறிந்திருந்தனர். 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை கட்டினர். களப்பின் வாயிலில் அமைந்த அக்கோட்டை, புத்தளத்துக்குள் செல்வதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் ஒருங்கே கண்காணித்தது. கண்டியுடனான போருக்குப் பின்னர் 1766 பெப்ரவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையில், மன்னன் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் இழந்தான். அதே உடன்படிக்கை, சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பெடுத்துச் செல்ல மன்னனின் குடிகளுக்கு அனுமதியளித்தது. கடற்கரையையே இழந்த அரசனும் உப்பை விட்டுக்கொடுக்கவில்லை. பின்வந்த ஆங்கிலேயரோ உப்பை அரசின் ஏகபோகமாக்கி, ஏழையின் உலைப்பானையிலிருந்தும் வருமானம் கண்டனர்.

இவ்வாறு நூற்றாண்டுகளாக உப்பு அரியபொருள். நமது உடலும் அந்தப் பழைய காலத்துக்கென்றே அமைந்தது. கிடைத்த சோடியத்தைச் சிறுநீரகம் எளிதில் கைவிடாது. அது அளவுக்கு மிஞ்சித் தங்கும்போது நீரும் சேர்ந்து தங்குகிறது. குருதியின் கனவளவு கூடுகிறது. நாடிகளின் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இதயத்தின் இடது கீழறை தடித்துப்போகிறது. முடிவு மாரடைப்பாகலாம், பாரிசவாதமாகலாம், இதயச் செயலிழப்பாகலாம். ஊடலை உப்புக்கு உவமித்த வள்ளுவரும் அளவு சற்று மிகுந்தால் கெடும் என்றே கண்டார். எனினும் அவர் கவலை சுவை பற்றியது.

உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை 1904இலேயே அம்பார், போசார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தது. அவர்களுள் அமேசன் காட்டின் யனோமாமி மக்கள் உப்பை அறவே சேர்க்காதவர்கள். வயது ஏறியும் அவர்களது அழுத்தம் ஏறவில்லை. வயது போனால் ‘பிரசர்’ வரத்தானே செய்யும் என்று நம்மவர் ஆறுதல் சொல்லிக்கொள்வது எவ்வளவு பிழை!

எனக்கு அதிகம் நெருக்கமாகப் படுவது யப்பானின் கதை. அதன் வடபகுதி மக்கள் நம் உடப்பு, கற்பிட்டிக் கரையோரத்தாரைப் போலவே உப்பிட்ட மீனுக்குப் பழகியவர்கள், ஊறுகாயும் உண்டு. 1950களில் அங்கே ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் உப்பு உண்டதாக அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் எழுதினார். பாரிசவாத மரணங்களும் அங்கே மலிந்திருந்தன. பின்னர் உப்பைக் குறைக்கும் இயக்கம் நடந்தது, இரத்த அழுத்த சிகிச்சையும் பரவியது. அம்மரணங்கள் பெருமளவு குறைந்தன. குளிர்சாதனப் பெட்டியும் உதவியது. மீனைக் காக்க உப்பொன்றே கதி என்ற நிலை போயிற்று.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு விதிக்கும் எல்லை நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். உலக மக்களின் சராசரியோ 10 கிராமைத் தாண்டுகிறது. (தேங்காயெண்ணெய் பற்றியும் சொல்லும்படி வாசகர்கள் கேட்கக்கூடும். தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை புத்தளம், தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் இம்மாவட்டத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. அந்த வழக்கு நீளமானது, இன்னொரு நாள் பார்ப்போம்.)

இதைச் சொல்வதால் உப்பளத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறேன் என்று எவரும் கருதவேண்டியதில்லை. 1995இல் இலங்கை அயடீன் சேர்த்த உப்பைக் கட்டாயமாக்கியது. கழலை நோயைத் தடுக்கும் மருந்து வீடுதோறும் சென்றது இந்த உப்பின் முதுகில் ஏறித்தான். அதேபோல் இன்னொரு மாற்றமும் கூடும். சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி அதை உண்டவர்களிடையே பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால், சிறுநீரக நோயாளருக்கு அவ்வுப்பு ஆபத்தானது. பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் பரவியுள்ள நாட்டில் இதை மருத்துவரைக் கேளாமல் வாங்கக்கூடாது.

பழைய காலத்தில் உப்பைத் தடுத்து வைத்தது கோட்டை. இன்று நாம் கேளாமலே உப்பை உள்ளே தள்ளுவது தொழிற்சாலை. உடனடி நூடில்ஸ், மிக்சர், சோஸ், ஏன், இனிப்புப் பிஸ்கட்டிலும் அது ஒளிந்திருக்கிறது. பொதி செய்த உணவில் உப்பின் அளவை நிறத்தால் காட்டும் விதிகளை இலங்கை 2019இல் வெளியிட்டது. சிவப்பு வட்டம் என்றால் மிகுதி. கருவாட்டுக்கு அப்படி வட்டமில்லை. அதன் உப்பு வெளிப்படையாகவே பூத்துத் தெரியும். சுடுநீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் அலசினால் உப்பில் கணிசமான பகுதி போய்விடும். பின் குழம்புக்குப் புளியும் மிளகாயும் போதும், உப்புச் சிரட்டையை எடுக்கவேண்டியதில்லை.