'அத்தாலி' நாடகமும் தமிழின் முன்னிலை வழக்கும்

பிரெஞ்சுச் செவ்வியல் துன்பியல் நாடகங்களைத் தமிழாக்குவோர் யாப்பைப் பற்றியே பெரிதும் கவலை கொள்வர். பன்னிரண்டு அசைகொண்ட அடியும் இணையடி எதுகையும் தமிழுக்கு எளிதில் வாரா என்பது உண்மையே. ஆயினும் அதனினும் நுட்பமான சிக்கல் முன்னிலைச் சொல்லில் உள்ளது. ழான் ரசீன் இயற்றிய 'அத்தாலி' என்னும் விவிலிய நாடகத்தின்வழி இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1677க்குப் பின் நாடகம் எழுதுவதைக் கைவிட்டிருந்த ரசீனை மீண்டும் எழுதத் தூண்டியவர் மேந்தனோன் சீமாட்டி. வறிய உயர்குடிப் பெண்களுக்கெனச் சேன்-சீரில் 1686இல் நிறுவப்பட்ட பள்ளியின் மாணவியர் நடிப்பதற்காக 'எஸ்தேர்' (1689), 'அத்தாலி' (1691) ஆகிய இரண்டும் எழுதப்பெற்றன. பின்னது ஒப்பனையின்றி எளிமையாக நடிக்கப்பெற்றது. 1716இல்தான் பொதுமேடை ஏறியது.

கதைக்கு மூலம் இரண்டாம் இராசாக்கள், இரண்டாம் நாளாகமம் ஆகிய நூல்கள். அரச குலத்தை அழித்து அரியணை ஏறிய அத்தாலியாளுக்குத் தெரியாமல், யோவாஸ் என்னும் குழந்தை ஆலயத்தில் வளர்க்கப்படுகிறான். அவனைக் காத்த பெண்ணை 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு முதல் நூலில் யோசேபாள் என்றும், அடுத்ததில் யோசேபியாத் என்றும் குறிக்கிறது. அவள் தலைமைக் குருவின் மனைவி என்னும் செய்தி நாளாகமத்தில் மட்டுமே உண்டு. ரசீன் அவளை மனைவியாகவே படைத்து 'ழோசபே' எனப் பெயரிடுவதால், யோசேபியாத் என்பதே தமிழில் பொருந்தும்.

இனி, முன்னிலைச் சொல்லைக் காண்போம். இந்நாடக மாந்தர் ஒருவரையொருவர் பெரும்பாலும் 'வூ' என்னும் மதிப்புச் சொல்லால் அழைக்கின்றனர். 'த்யு' என்னும் ஒருமைச் சொல், இறைவனை வேண்டும்போதும், பகைவனைச் சினக்கும்போதும், அத்தாலியின் கனவில் இறந்த தாய் பேசும்போதும் சிறப்பாக ஒலிக்கிறது.

இரண்டாம் அங்கத்தில் அரசி, தான் இன்னாரென அறியாத சிறுவனை 'வூ' என்றே வினவுகிறாள். அது பிரெஞ்சு மேடையின் பொது மரபு. அதில் தனிப்பொருள் இல்லை. தமிழிலோ 'நீர்' என்றால், அவள் அவனை அரசகுமாரன் என அறிந்துகொண்டாள் என்றே கேட்போர் கொள்வர். நாடகமோ அவளது அறியாமையின்மேல் நிற்கிறது. 'நீ' என்றால், அச்சொல்லுக்கென ஒதுக்கப்பெற்ற கூர்மை மழுங்கும். இங்குத் தமிழின் பெயர்ப்பயனிலை வாக்கியம் துணைபுரிகிறது. பெயர் என்ன, தந்தை யார் என்னும் வினாக்களுக்கு முன்னிலைச் சொல்லோ விகுதியோ வேண்டுவதில்லை. வினை வேண்டுமிடத்தும் 'பிள்ளைக்கு உணவு தருபவர் யார்?' எனக் கேட்பது நம் வழக்கே.

நான்காம் அங்கத்தில் குரு சிறுவனின் காலில் விழுகிறார். பிரெஞ்சில் சொல் மாறுவதில்லை. செயலே உண்மையை உணர்த்துகிறது. தமிழில் 'நீ' அவ்விடத்தில் 'நீர்' ஆவதைத் தவிர்க்க இயலாது. எனினும் மறைபொருள் அங்கு வெளிப்பட்டுவிடுவதால் அம்மாற்றம் குற்றமாகாது.

இறுதியில் அத்தாலி, யூதரின் இறைவனை 'த்யு' என்றே விளித்துத் தன் தோல்வியை ஒப்புகிறாள். குருவின் வேண்டுதலிலும் அதே சொல்தான். தமிழ் விவிலியம் இறைவனை 'நீர்' என்கிறது. அதைப் பின்பற்றினால் அரசியின் தோல்வி பணிவாகிவிடும். தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் இறைவனை 'நீ' என்று அழைக்கும் மரபைத் தந்துள்ளன. அன்புக்கும் பகைக்கும் ஒருசேரப் பொருந்தும் அச்சொல்லை இருவர் வாயிலும் வைப்பதே மூலத்திற்கு நெருங்கியது. விவிலியக் கதை என்பதனாலேயே விவிலியத் தமிழின் மரியாதை வழக்கை அப்படியே மேற்கொள்ளுதல் இந்நாடகத்தின் முடிவைச் சிதைக்கும் என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.