நெஞ்செலும்பும் நிஜாம் காலத்து நாய்களும்

அறுவை சிகிச்சைக்காகப் பிளந்த நாயின் நெஞ்செலும்பை மறுபடி எதைக் கொண்டு சேர்ப்பது? எஃகுக் கம்பியா, தையல் நூலா? இதிலே சரித்திரம் என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. ஒன்றோடொன்றை ஒப்பிடும்போது எதை அளக்க வேண்டும் என்ற பாடம் நம்ம ஹைதராபாத்திலேயே கிடைத்தது.

நெஞ்சைத் திறக்க முதலில் மயக்கம் வேண்டும். அன்று அதற்குக் குளோரோஃபாம். சில நோயாளிகள் மேசையிலேயே இறந்தார்கள். நின்றது மூச்சா, இதயமா? மூச்சைக் கவனித்தால் போதும் என்றார், இங்கே ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி. 1888-இல் ஒரு கமிஷன் நாய்களிடம் சோதித்து அதையே சொன்னது. லண்டன் 'லான்செட்' இதழ் ஏற்கவில்லை. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் 1,000 பவுன் கொடுத்து, இதழே ஒரு நிபுணரை அனுப்ப வழி செய்தார். 1889-இல் லாடர் பிரண்டன் வந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகள், பெரும்பாலும் நாய்கள்தான். இதயத்தைச் சந்தேகித்திருந்த பிரண்டனும் லாரி பக்கம் சாய்ந்தார்.

1911-இல் குட்மன் லெவி பூனைகளை வைத்து வேறொன்றைக் காட்டினார்: மயக்கம் லேசாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும். மருந்து மிகுந்தால் மூச்சு முதலில் நிற்கும் என்பது பொய்யில்லை. ஆனால் அது முழுப் பதிலும் இல்லை.

இனி எலும்புக்கு வருவோம். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட அதே 1897-இல், கெய்ரோவில் ஹெர்பர்ட் மில்டன் நெஞ்செலும்பை நடுவே பிளக்கும் முறையை வெளியிட்டார். 1957-இல் ஜூலியன் குழுவினர் எடுத்துச் சொன்ன பிறகே இதய அறுவையில் அது பரவியது. மூட எஃகுக் கம்பி வழக்கமாயிற்று. கால்நடை மருத்துவத்தில் பெரிய நாய்க்குக் கம்பி, சின்ன நாய்க்குக் கனத்த நூல் என்பது பொதுவான வழக்கம்.

கம்பி இறுக்கிப் பிடிக்கும்; ஆனால் எலும்பை அறுக்கலாம், ஓயாத அசைவில் முறியலாம். நூல் கையாள எளிது. ஆனால் தளரலாம், கரையும் நூலானால் நாளடைவில் வலுவும் குறையும். நாயின் நெஞ்செலும்பு எட்டுத் துண்டுகளால் ஆனது. முன்முனையையோ பின்முனையையோ பிளக்காமல் விட முடிந்தால் மூடிய எலும்பு அதிகம் அசையாது. பொருளைப் போலவே இதுவும் முக்கியம்.

இயந்திரத்தில் இழுத்துப் பார்த்து, அறுபடாதது எதுவோ அதுவே மேல் என்றால் அது பாதிப் பதில்தான். உயிருள்ள நாய் ஓயாமல் மூச்சு விடுகிறது, நெஞ்சை அழுத்திப் படுக்கிறது, எழுந்து ஓடுகிறது. எலும்பு கூடியதா, புண் ஆறியதா, வலி தீர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். நிஜாம் காலத்தில் உயிர்விட்ட நாய்களுக்கு நாம் பட்ட கடன், இன்றைய நாய்களுக்காகக் கேள்வியை முழுசாகக் கேட்பதுதான்.