ஓலை நறுக்கும் மஞ்சள் சதுரமும்

தமிழில் ‘நறுக்கு’ என்று ஒரு சொல் உண்டு. பனையோலையில் வெட்டியெடுத்த சின்னத் துண்டு அது. அதில் எழுதி அனுப்பும் சிறு செய்திக்கும் அதே பெயர்தான். நூல் எழுத முழு ஓலை, ஒரு வரி சொல்ல நறுக்கு. எழுத்தாணியால் கீறி, கரி பூசித் துடைத்தால் எழுத்துத் தெளிவாகத் தெரியும். கணினித் திரையில் நீங்கள் ஒட்டி வைக்கும் மஞ்சள் சதுரங்களை நான் ‘நறுக்கு’ என்றுதான் சொல்வேன்.

மஞ்சள் சதுரத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1968இல் த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் பலமான பசை ஒன்றைத் தேடினார். கிடைத்ததோ, இலேசாக ஒட்டி, கிழியாமல் கழன்று வரும் பசை. அதை என்ன செய்வது என்று பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1974இல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, தன் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் விழாமல் இருக்க அந்தப் பசை உதவும் என்று கண்டுகொண்டார். 1980இல் ‘போஸ்ட் இட்’ அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. 1994இல் ஆப்பிள் ‘ஸ்டிக்கீஸ்’ மூலம் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2009இல் விண்டோஸ் 7 உடன் ‘ஸ்டிக்கி நோட்ஸ்’ வந்தது.

இதில் தமிழ் எங்கே நின்றது?

எங்கள் பெற்றோர் தலைமுறை கணினியில் தமிழ் எழுதப் பெரும்பாலும் ‘பாமினி’ எழுத்துருவைப் பயன்படுத்தியது. அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது போன்றது. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் அந்த ஐந்தும்தான் தெரியும். அம்மாவைக் காணோம்.

அதை மாற்றியது யூனிகோட். 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ‘அ’வின் எண் 2949. எந்த எழுத்துரு போட்டாலும் அந்த எண் மாறாது. ஆனால் எண் கிடைத்த உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து ஒரு பொது விசைப்பலகை அமைப்பு வந்தது. யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டிய முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000.

ஒட்டுக்குறிப்புக்கு இது ஏன் முக்கியம்? விண்டோஸ் ‘ஸ்டிக்கி நோட்ஸ்’ செயலியில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலே இல்லை. பாமினியை நம்பியிருந்தால் அந்தச் சதுரத்துக்குள் தமிழ் நுழைவதே பெரும்பாடு. இன்று நேரே தட்டச்சு செய்கிறோம்.

ஹவுன்ஸ்லோவில் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் என் திரையில் ஐந்தாறு நறுக்குகள் இருக்கும். வேலை பற்றியவை எல்லாம் ஆங்கிலம். ஒன்று மட்டும் தமிழ்: “அப்பப்பா திவசம். அம்மாட்ட திதி கேக்கவேணும்.” திவசம் திதிப்படி வருவது, அதனால் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். நாட்காட்டிச் செயலியில் ஒரு தேதியைப் போட்டு, ‘ஆண்டுதோறும்’ என்று அழுத்திவிட்டால் அடுத்த வருடமே பிழைத்துவிடும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். ‘திவசம்’, ‘திதி’ இரண்டும் அப்படியே நின்றன, மாறியது ‘கேக்கவேணும்’ மட்டும்தான்.

எங்களில் பலருக்குத் தமிழ் என்றால் சனிக்கிழமை வகுப்பு, சோதனை, சிவப்பு மை. நறுக்குக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் அது உங்களுக்கு விளங்கினால் போதும். தமிழை உங்களுக்காக மட்டும் எழுதிப் பழக இதைவிட எளிதான இடம் எனக்குத் தெரியாது.

இந்த வாரம் ஒரு நறுக்கு எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் மட்டுமே கேட்டறியக்கூடிய ஏதாவது ஒன்றை அதில் குறியுங்கள்: ஒரு திதி, ஒரு ஊர்ப்பெயர், ஒரு கறியின் பக்குவம். கேட்ட பிறகு அந்த நறுக்கை அழிக்காமல், பதிலையும் அதிலேயே எழுதி வையுங்கள்.